அரை டிகிரி கூடுதல்

"ஊரே பார்க்கிற கல்லுல என் பேரையும் போட்டு, பக்கத்துலயே என் தப்பையும் போட்டிருக்கீங்களே டீச்சர், இதுக்கு என்னை நடுத்தெருவுல நிறுத்தி நாலு அறை அறைஞ்சிருக்கலாம்!"

இதைச் சிதம்பரதாணு மூன்றாவது முறையாகச் சொன்னார், ஒரு சொல் மாறாமல். ரோஸ்லின் டீச்சர் நிமிரவில்லை. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சுழற்றுவதை நிறுத்தினால் குழாய் கோணிக்கொள்ளும். மனிதர் கோணிக்கொள்வதற்கு அவள் பொறுப்பில்லை.

சீடருக்கு வயது அறுபத்திரண்டு, குருவுக்கு நாற்பத்தொன்று. பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற சிதம்பரதாணுவை, வீட்டில் சும்மா இருந்தால் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கிறார் என்று மனைவியே கொண்டுவந்து இந்தக் கருவிப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனாள். பதினான்கு மாதம் விரலைச் சுட்டுக்கொண்டு அவர் செய்த முதல் உருப்படியான தெர்மாமீட்டர், இன்று தெருமுனைக் கல்லில் ஏறியிருந்தது.

அந்தக் கல், விஞ்ஞானி ஞானாதிக்கத்தின் நினைவுக்கு. கருவி என்றால் கப்பலில்தான் வரும் என்றிருந்த காலத்தில், இந்தத் தெருவிலேயே உட்கார்ந்து தெர்மாமீட்டரும் மழைமானியும் செய்து காட்டியவர். ரோஸ்லினுக்குத் தொழில் கொடுத்தவர். அவர் செத்து ஆறு வருஷம் கழித்துத் தெருவுக்கு அவர் பெயர். மாலை ஐந்து மணிக்குத் திறப்பு. கல்லில் எட்டு வரிப் புகழ். அதன் கீழே, வெயில் படாத மாடத்தில் தெர்மாமீட்டர். அதற்கும் கீழே பித்தளைத் தகட்டில் ஒற்றை வரி: 'அரை டிகிரி கூடுதலாகக் காட்டும். செய்தவர் சிதம்பரதாணு.'

"நம்ம பட்டறையில பிழையை எழுதாம எதுவும் வெளிய போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுல எழுதுங்க. லேபுக்குப் போறதுல எழுதுங்க. இது மரியாதைக்கு வெச்ச கல்லு!"

"மரியாதைக்கு வெச்சா சூடு குறைஞ்சிருமா?"

"சரி, இன்னொண்ணு செஞ்சு தாரேன்."

"அதுல பிழை இருக்காதா?"

சிதம்பரதாணு பொய் சொல்லத் தெரியாதவர். "இருக்கும். கால் டிகிரி இருக்கும்."

"அப்போ அதையும் எழுதணுமே."

"நான் கட்டின பதினேழு பாலத்துலயும் என் பேரு கல்லுல இருக்கு டீச்சர். ஒரு பாலத்துலயாவது பிழை எவ்வளவுன்னு எழுதியிருக்கா?"

"அதனாலதான் நான் ஆட்டோவுல போகும்போது கண்ணை மூடிக்கிறேன்."

அவர் முகம் சிவந்தது. ரோஸ்லின் குழாயை வைத்துவிட்டு, மேஜையிலிருந்து அரத்தை எடுத்து நீட்டினாள்.

"தகடு மெல்லிசுதான். பத்து நிமிஷம் ராவினா வரி போயிரும். போய் அழிச்சிட்டு வாங்க."

"நிஜமாவா?"

"உங்க கருவி, உங்க பேரு. போங்க."

வென்றுவிட்ட வேகத்தில் போனார். கல்லுக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. துணியைத் தூக்கி உள்ளே தலையை விட்டுக்கொண்டு யாரோ ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் தெர்மாமீட்டர்.

"ஏம்மா, திறப்பு சாயங்காலம்தான்."

"திறந்துட்டுப் போங்க, யாரு வேண்டாம்னா? குஞ்சு பொரிக்கிற பெட்டி வெச்சிருக்கேன் சார். போன தடவை இருநூறு முட்டை. ஒரு குஞ்சு கண்ணு முழிக்கல. சூடு சரியாத்தான் இருந்துச்சு, இந்தச் சனியன் சொன்னபடி." பிளாஸ்டிக்கை ஆட்டினாள். "இப்போ பாருங்க, இது முப்பத்தஞ்சுங்குது. கல்லு முப்பத்துமூணரைங்குது."

"கல்லு சொல்றது மட்டும் சரின்னு எப்படித் தெரியும்?"

"சரியில்லன்னு அதுவே சொல்லுதே! அரை கூடவாம். கழிச்சா முப்பத்துமூணு. அப்போ என்னோடது ரெண்டு டிகிரி புளுகுது. முட்டையெல்லாம் குளிர்லயே செத்திருக்கு." அவள் விரலால் தகட்டைத் தடவினாள். "யாரு இந்தச் சிதம்பரதாணு? உள்ளூர் ஆளா? அவர்கிட்ட ஒண்ணு வாங்கணும்."

"உள்ளூர்தான்," என்றார் அவர். அரம் வேட்டி மடிப்புக்குள் போயிற்று.

பட்டறைக்குத் திரும்பியவர் அரத்தை இருந்த இடத்தில் வைத்தார். ரோஸ்லின் அரத்தைப் பார்க்காமல் அடுத்த குழாயை எடுத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இருக்கட்டும், அழிக்கல. ஆனா ஒண்ணு கேக்கிறேன் டீச்சர். அந்தக் கல்லுல எனக்கு மட்டும்தான் பிழையா? மேல எட்டு வரி இருக்கே ஐயாவைப் பத்தி. மேதை, முன்னோடி, உத்தமர். அதுக்குக் கீழ ஒரு பிழையும் காணோமே?"

ரோஸ்லின் கையைத் துடைத்தபடி அவரை முதல் முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நல்ல கேள்வி சார். சாயங்காலம் பதில் சொல்றேன்."

ஐந்து மணிக்குத் துணி விலகியது. நாற்பது நாற்காலி, மாலை, போண்டா, எல்லாம் இருந்தன. ஐயாவின் மருமகன் பேசினார், பழைய மாணவர்கள் பேசினார்கள், நடைப்பயிற்சித் தோழர் ஒருவர் கண் கலங்கினார். குறையென்று ஒரு துளியும் இல்லாத மனிதர் என்று ஆளுக்கொரு தடவை சொல்லி அமர்ந்தார்கள். கடைசியாக ரோஸ்லினை அழைத்தார்கள். சிதம்பரதாணு நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

அவள் மைக்கைச் சற்றுத் தணித்துக்கொண்டாள்.

"ஐயா அவர் கையால செஞ்ச எதையும், பிழையை எழுதாம வாசல் தாண்ட விட்டதில்லை. எழுதாத கருவியை நம்பாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரை எல்லாரும் நம்பணும்னு எனக்கு ஆசை. அதனால தகட்டுல ஒரு வரிக்கு இடம் விட்டு வெச்சிருக்கேன். அவரோட பழகினவங்க இத்தனை பேர் இருக்கீங்க. அவர்கிட்ட இருந்த குறை ஒண்ணு சொல்லுங்க."

போண்டாத் தட்டுகள் நின்றன. மருமகன் நடைப்பயிற்சித் தோழரைப் பார்த்தார். தோழர் கல்லைப் பார்த்தார். சிதம்பரதாணு ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார்.

ரோஸ்லின் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

"பெரிசா வேண்டாம். சின்னதா ஒண்ணு போதும். யாராவது சொல்லுங்களேன்."