இடது பக்கத்து லாக்

"இந்தச் சனியனக் கழட்டி எறிஞ்சிட்டு, உள்ள உக்காந்தே சுவிட்ச் போடுற மாதிரி மாத்திக் குடும்மா" என்றார் மொக்கைச்சாமி.

பிலோமினா டீயை ஊதினாள். "எதண்ணே?"

"முன்சக்கர லாக்க."

பிலோமினாவுக்கு முப்பத்திரண்டு வயது. மலையடிவாரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறாள். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டிகள்தான் அவளிடம் வரும். கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்வது அபூர்வம். அது ஞானமா, திமிரா என்பதில் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு.

மொக்கைச்சாமிக்கு ஐம்பது. மலைமேல் இருக்கும் காரிப்பாறைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகும் பழைய பிக்கப் அவருடையது. பாதி மலையில் வழுக்குமேடு என்று ஒரு சேற்றுச் சரிவு. மழைக்காலத்தில் நாலு சக்கரமும் இழுத்தால்தான் அதில் ஏற முடியும். அதற்கு வண்டியை விட்டு இறங்கி, முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் குமிழைத் திருப்பிப் பூட்ட வேண்டும். அந்தக் குமிழ்தான் லாக்.

"நாலு ஒர்க் ஷாப் பாத்துட்டேன். கியர்பெட்டியப் பிரிச்சான் ஒருத்தன். முன்சக்கரத்துக்குப் போற தண்ட மாத்துனான் ஒருத்தன். மேட்டுக்கு வந்தா முன்சக்கரம் செத்த மாதிரி கிடக்கு. என்ன எழவோ!"

"இப்ப என்ன அவசரம்?"

"என் தங்கச்சி மக இலக்கியா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேக்கணும். நான் மேல ஏறுனாத்தான அவளக் கீழ கொண்டுவர முடியும்? போன வாரம் ஸ்கேன் எடுத்துட்டுத் திரும்புறப்ப வண்டி ஏறல. வயித்தப் பிடிச்சிக்கிட்டு அந்தச் சேத்துல நடந்தே ஏறுனா. தாய்மாமன் நான், ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அது உடனே கோபமாக மாறியது.

"அதான் சொல்றேன், சுவிட்ச் வச்சிரு!"

பிலோமினா டீ டம்ளரைக் கழுவி வைத்தாள். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினாள்.

"லாக் போடுங்கண்ணே. மேட்டுல எப்படிப் போடுவீங்களோ, அப்படியே."

மொக்கைச்சாமி டிரைவர் பக்கத்துச் சக்கரத்தின் குமிழைத் திருப்பினார். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"போட்டாச்சு."

அவள் காத்திருந்தாள்.

"போட்டாச்சும்மா!"

"அந்தப் பக்கம்?"

"அது பவுன்ராஜ் பக்கம்."

பவுன்ராஜ் அவருடைய தங்கை கணவன். இலக்கியாவின் அப்பா. பதினோரு வருடம் இதே வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவன். மேடு வந்தால் வலது லாக்கை இவர் போடுவார், இடது லாக்கை அவன் போடுவான். நாலு மாதத்துக்கு முன்பு, ஆட்கள் நிறைந்த வண்டியில், 'மச்சான், கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுற?' என்று கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. அவனும் வண்டியில் ஏறுவதில்லை.

"அவரு இல்லன்னா நீங்க போட வேண்டியதுதான?"

"நான் ஏன் அவன் வேலையச் செய்யணும்? ஒரு பக்கம் போட்டா பத்தாதா? பின்னால ரெண்டு, முன்னால ஒண்ணு. மூணு சக்கரம் இழுக்குமே!"

பிலோமினா வண்டிக்கு அடியில் நுழைந்தாள். முன்சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கையால் பிடித்துச் சுற்றினாள்.

"உங்க சக்கரத்துல கைய வைங்க. சுத்துதா?"

"இல்ல."

"அந்தச் சக்கரம்?"

சுற்றிப் போய்ப் பார்த்தார். "இதுவும் சுத்தல. அதத்தானம்மா நானும் நாலு மாசமா கத்துறேன்!"

"சக்கரத்துக்குப் பின்னால எட்டிப் பாருங்க."

எரிச்சலோடு குனிந்தார். இடது சக்கரம் அசையவில்லை. அதற்குள் போகும் இரும்புத் தண்டு மட்டும் சும்மா கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"இஞ்சின் இழுவை எல்லாம் இங்கதான் போகுதா?"

"ஆமா."

"அப்ப நான் பூட்டுன பக்கம்?"

"இந்தப் பக்கம் பூட்டாமச் சுத்துற வரைக்கும் அதுவும் இழுக்காது."

மொக்கைச்சாமி இடது குமிழைப் பிடித்துத் திருப்பினார். அது நகரவில்லை. வேட்டி நுனியைச் சுற்றித் திருப்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

"துருப்பிடிச்சுப் போச்சு. ஒரு ஸ்பானர் குடும்மா."

"பவுன்ராஜ் ஸ்பானர் வச்சா திருப்புவாரு?"

"வெறுங்கையிலதான்."

"எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? நான் என் பக்கம் நிப்பேன்."

"பதினோரு வருசமா?"

பிலோமினா வண்டிக்குள் கையை விட்டு, அங்கே கிடந்த அவருடைய போனை எடுத்து நீட்டினாள்.

"முடியாது" என்றார்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. ரோட்டில் இரண்டு பஸ் போயின. மலை உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இலக்கியா சேற்றில் ஒவ்வொரு அடியாக வைத்து ஏறியது அவருக்குத் திரும்பக் கண்முன் வந்தது.

போனை வெடுக்கென்று பிடுங்கி, பவுன்ராஜின் எண்ணை அழுத்தினார்.

மணி அடித்தது. எடுத்தான்.

"மாப்ள" என்றார் மொக்கைச்சாமி. "உன் பக்கத்து லாக்க எப்படித் திருப்புவ?"

"அது உன் பக்கம் மாதிரி இல்ல, மொதல்ல உள்ள அமுக்கணும். அமுக்குன கைய எடுக்காமத் திருப்பணும்."

அமுக்கினார். திருப்பினார். 'டக்'கென்று விழுந்தது.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"இதக் கேக்க உனக்கு நாலு மாசமாய்யா? பிள்ளைய நடக்க விட்டியே மச்சான்!"

மொக்கைச்சாமி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கிரீஸ் ஆனது.

"சரி, அத மறுபடி திறந்து விட்டுரு" என்றான் பவுன்ராஜ். "வியாழக்கிழமை காலையில மேட்டுக்குக் கீழ வந்து நிக்கிறேன். என் பக்கத்த நான் போட்டுக்கிறேன்."

பேசி முடித்தபோது பிலோமினா வண்டியை இறக்கி, ஜாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

"இத்தன பெரிய மெக்கானிக்கு! இந்த ஒரு லாக்கத் திருப்ப உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்" என்றாள்.