காணாமல் போன இரண்டு கட்டுரைகள்

"என் கட்டுரையை நானூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. உன்னோடதை மூணே பேர்! உன்னோடதுதான் பெரிசுன்னு காட்டு, இல்லேன்னா ஆய்வகத்தைக் காலி பண்ணு" என்றார் மருத்துவ ஆராய்ச்சி நிலைய இயக்குநர் வேதரத்தினம்.

இளம் ஆய்வாளர் ஜெசிந்தா தலையாட்டினாள். "சரி சார். ரெண்டையும் ஒரு நாளைக்கு மட்டும் நம்ம இணையதளத்துலேர்ந்து எடுத்துடுவோம். யார் தேடுறாங்கன்னு பாக்கலாம்."

மறுநாள் இயக்குநர் அறை போன் ஓயவேயில்லை. மலையூர் நர்ஸ்கள், அரசு மருத்துவமனை டாக்டர்கள். "தேள் கொட்டின பிள்ளைங்களுக்கு மருந்தளவு சொல்ற ஜெசிந்தா கட்டுரையைக் காணோமே!" கேட்டவர்களுக்கெல்லாம் ஜெசிந்தா போனிலேயே படித்துக் காட்டினாள்.

மாலையில், "உன் ஆய்வகம் உனக்கே" என்றார் இயக்குநர். பிறகு மெல்ல, "என் கட்டுரையை யாருமே கேக்கலையாம்மா?"

"ஒருத்தர் கேட்டார் சார்."

"யாரு?"

"இப்போ நீங்கதான்."