ஆமை தேடி வந்த மணல்திட்டு

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஓடவில்லை, பிள்ளைகளே. குறுக்கே அணை கட்டியதால் ஏரியாகத் தேங்கி நிற்கிறது.

அணை வரும் முன்பே, குஞ்சாக ஆற்றோடு போய்விட்ட ஓர் ஆமை அணைக்குக் கீழே இருந்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். முதன்முதலாக வயிற்றில் முட்டை நிறைந்ததும், "நான் பிறந்த மணல்திட்டில்தான் முட்டையிடுவேன். அதுதான் எங்கள் குல வழக்கம்" என்று கிளம்பிவிட்டாள். அணையோரச் சரிவில் மூன்று பகல் ஏறினாள். நகம் தேய்ந்தது, ஏக்கம் தேயவில்லை.

மேலே வந்து பார்த்தால் ஒரே தண்ணீர்! மணல்திட்டைக் காணோம். ஆமைக்கு அழுகை முட்டியது.

கெளுத்தி மீன் ஒன்று மீசையை நீட்டியது. முட்டை என்றால் அதற்கு உயிர்.

"யாரைத் தேடுகிறீர்கள், அக்கா?"

"மருதமர வளைவில் ஒரு மணல்திட்டு இருந்ததே, தம்பி?"

"எங்கே போய்விடும்? அடியில் அப்படியே இருக்கிறது. வாருங்கள்!"

ஆமை மூழ்கினாள். அதே வளைவு, பட்டுப்போன அதே மருதமரம், அதே மணல்! முகத்தை அதில் புதைத்து, "அம்மா!" என்று விம்மினாள்.

"அப்புறம் என்ன? இங்கேயே முட்டையிடுங்கள். நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றது கெளுத்தி. பாலுக்குப் பூனை காவலாம்!

ஆமை தோண்டத் தொடங்கினாள். மணல் சில்லென்று இருந்தது. அவள் கால்கள் நின்றுவிட்டன. முட்டைக்குள் அவள் அறிந்தது இந்தக் குளிரை அல்ல, வெயில் ஏறிய மணலின் கதகதப்பை.

"தம்பி, இங்கே வெயில் வருமா?"

"வெயில் எதற்கு? இடம் அதேதானே, அக்கா!"

"இடம் அதேதான். ஆனால், என் அம்மா இங்கே வந்ததே வெயிலுக்காகத்தான்."

மனமில்லாமல்தான் கரைக்கு நீந்தினாள். அங்கே, பறவைகளுக்காக வேலியிட்டுக் காக்கப்பட்ட சதுப்பு நிலம் இருந்தது. அதன் மணல்மேட்டில் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"யாரது? என் முட்டையை மிதித்துவிடாதே!" என்று அது ஊரைக் கூட்டியது.

"நானும் முட்டையிடத்தான் வந்தேன், அம்மா. கொஞ்சம் இடம் கொடு."

"அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அந்தப் பக்கம் தோண்டிக்கொள். உடும்பு வந்தால் நான் கத்துகிறேன்."

அந்த மணல் சுட்டது. ஆமை முட்டையிட்டு மூடினாள்.

இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு வெளியே வந்தன. அப்போதும் ஆமையின் பார்வை ஏரியின் நடுவில்தான் இருந்தது. குஞ்சுகளோ, நீரில் இறங்கும் முன் ஒரு முறை திரும்பி, அந்த மணல்மேட்டை ஆசையோடு பார்த்துக்கொண்டன.

நீதி: முன்னோர் சென்ற இடத்தை மட்டும் பற்றிக்கொள்ளாதே, எதற்காகச் சென்றார்கள் என்பதைப் பற்றிக்கொள்.