வேங்கை சிந்திய செந்நீர்

மரங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துக் கோயில்காட்டைச் சடைச்சி என்பவள் காவல் காத்தாள். உயிருள்ள மரத்தில் இரும்பு படலாகாது என்பது அவள் குலத்தின் கட்டளை. ஆகவே திருவிழா முரசுக்கான கட்டையை ஆற்று வெள்ளத்திலிருந்தே எடுப்பார்கள். ஆறு தருவது அம்மன் தருவது என்பது அவர்கள் துணிபு.

ஓராண்டு, எந்த மலையிலும் காணாத பட்டையுடைய கட்டை ஒன்று கரை ஒதுங்கிற்று. சடைச்சி அதைத் தோளில் ஏற்றினாள்.

"அடி சடைச்சி, உள்ளே ஏதோ அரிக்கிற ஓசை கேட்கிறது. இங்கேயே கொளுத்திவிடு" என்றது கரையோர வேங்கைமரம்.

"அம்மன் கொடுத்ததைக் கொளுத்தவா? வெயிலில் நின்று நின்று உமக்கு மண்டை காய்ந்துவிட்டது, அண்ணே!"

சிரித்தபடியே அதைக் காட்டின் நடுவில் கொண்டுபோய்க் கிடத்தினாள்.

மூன்றே திங்களில் இலுப்பைகள் உச்சியிலிருந்து கருகின. மருதுகளின் பட்டை பொடியாய் உதிர்ந்தது. "இந்த வண்டு நம் காட்டுப் பிறப்பில்லை, அக்கா. கொத்தக் கொத்த ஆழம் போகிறது" என்று மரங்கொத்தி கைவிரித்தது.

சடைச்சி ஒரு துளையில் வாய்வைத்து அதட்டினாள்: "யாரைக் கேட்டு வந்தீர்கள்?"

உள்ளிருந்து சிரிப்பு எழுந்தது. "நாங்களா வந்தோம்? சுமந்து வந்தவள் நீதானே, தாயே!"

அவள் நேரே வேங்கையிடம் போய் நின்றாள்.

"கோடரியை எடு. என் சாற்றின் மணம் அவற்றை இழுக்கும். ஆனால் அது தண்ணீராய் ஓடிவிடும். பிடித்து நிறுத்த வேண்டுமானால் என் குரலை அதில் கரைக்க வேண்டும். பிறகு நான் பேசமாட்டேன்."

"உயிர்மரத்தில் இரும்பு வைத்த கை அழுகும், அண்ணே."

"அழுகினால் ஒரு கை. தயங்கினால் ஒரு காடு."

சடைச்சி ஓங்கி வெட்டினாள். மலை அதிர வேங்கை ஒரே ஒருமுறை முழங்கிற்று. அம்முழக்கம் உச்சியிலிருந்து இறங்கி, அடிமரம் வழியே வந்து, காயத்தின் வாயில் செந்நீராய்ப் பெருகியது. துளைதோறும் வண்டுகள் புறப்பட்டன. வானம் கறுத்தது. வந்தவை யாவும் அச்செந்நீரில் ஒட்டி, அதனோடு சேர்ந்து மாணிக்கமாய் உறைந்தன. ஒன்றுகூட மீளவில்லை.

"அண்ணே" என்று அழைத்தாள். காற்று மட்டும் இலைகளை அசைத்தது. அவள் கை அழுகவில்லை, கறையும் போகவில்லை.

அன்று முதல்தான் வேங்கையின் பட்டையைக் கீறினால் குருதி வடிகிறது. அது உறையும்வரை அருகில் நிற்பவர் எவரும் வாய் திறப்பதில்லை.