மாடக்கண்ணுவின் பேஸ் பெட்டி

செங்கரட்டில் வீடுகளுக்குப் பின்னால் காற்றாலை நட்ட நாள்முதல் ஊரார் நெஞ்சுக்குள் ஓயாமல் 'தும் தும்'. பிள்ளைகளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. அளக்க வந்த கம்பெனி என்ஜினியர் கனகசபாபதி கருவியைப் பார்த்துச் சிரித்தார்.

"நாப்பது டெசிபல்தான் காட்டுது. கருவியில ஏறாதது சத்தமே இல்ல. இருக்குன்னு எவனாவது காட்டுங்க, ராத்திரி காத்தாடிய நிறுத்திடறேன்!"

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போடும் மாடக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"ஐயா, எம் பெட்டியையும் கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் அவரைக் கருவியோடு உட்காரவைத்து, பாட்டில்லாமல் 'தும் தும்' என்ற அடித்தொனி பேஸை மட்டும் திறந்துவிட்டான். டீ கிளாஸ் நகர்ந்து நகர்ந்து மேசையிலிருந்து விழுந்தது.

"நெஞ்சு அதிருது, நிறுத்துய்யா!" என்று அலறினார் என்ஜினியர்.

"எதை ஐயா? உங்க கருவி அறுபதுதான காட்டுது, நாம பேசுற அளவு!" என்றான் மாடக்கண்ணு.

"யோவ், கருவியில இந்தத் திருகை இப்படி வச்சா பேஸைக் கழிச்சிட்டுத்தான்யா காட்டும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊர் கொல்லென்று சிரித்தது.

மாடக்கண்ணு பெட்டியை அணைத்தான். "அப்ப திருகை மாத்திட்டு எங்க வீட்டுக்குள்ள வந்து காத்தாடிய அளங்க, ஐயா."

அன்று ராத்திரி காத்தாடி நின்றது. மறுநாள் பால்காரர் மணியடித்து அடித்துக் கை சலித்துப்போனார். செங்கரட்டில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.