தோணியோடு வந்த ஆகாயத்தாமரை

வீரி என்ற நீர்நாய்க்கு ஒரு பனந்தோணி இருந்தது. காட்டிலிருந்த இரண்டு குளங்களிலும் அது தோணி விட்டு மீன் பிடித்தது. மேல்குளத்தில் பாதிக்கு ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. கீழ்க்குளம் பளிங்குபோல் தெளிந்திருந்தது. வீரியின் குட்டிகள் அங்கேதான் வளர்ந்தன.

ஒருநாள் மேல்குளத்திலிருந்து தோணியை இழுத்து வந்த வீரியை, செம்மூக்கி என்ற நீர்க்கோழி கீழ்க்குளக் கரையில் மறித்தது.

"நில்லு வீரி! தோணியின் அடியில் ஆகாயத்தாமரைத் துண்டு தொங்குகிறது. அதைச் சுரண்டிப் போடு. உள்ளே தேங்கிய தண்ணீரை இங்கேயே கொட்டு. தோணி காய்ந்த பிறகு இறக்கு!"

"அதற்குள் கெளுத்தி மீனெல்லாம் ஆழத்துக்குப் போய்விடும்! விரல் நீளத் துண்டு இந்தக் குளத்தை என்ன செய்துவிடும்?"

"மேல்குளத்துக்கும் அது துண்டாகத்தான் வந்தது!"

"உன் வேலையைப் பார்!" என்று வீரி தோணியைத் தண்ணீரில் தள்ளியது.

துண்டு வேர்விட்டது. குட்டி போட்டது. குட்டிகளும் குட்டி போட்டன. ஊதாப் பூக்கள் பூத்தபோது வீரிக்கும் அழகாகத்தான் தெரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் குளம் முழுவதையும் இலை மூடிவிட்டது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்தன. தோணி நகரவே இல்லை.

ஒரு காலை, மீன் தேடி மூழ்கிய கடைக்குட்டி மேலே வரவில்லை.

வீரி பதறிப் பாய்ந்தது. எங்கும் வேர், எங்கும் இருட்டு. அப்போது செம்மூக்கி இலைகளின் மேல் ஓடிவந்து ஓரிடத்தில் கொத்திக் கத்தியது. "இங்கே குமிழி வருகிறது! இங்கே கிழி!"

வீரி வேர்களைக் கடித்துக் கிழித்துக் குட்டியை வெளியே இழுத்தது. குட்டி இருமி, மூச்சுவிட்டது. செம்மூக்கியின் முகத்தைப் பார்க்க வீரிக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு குளமும் மூடிப்போனதால் பிழைக்க வழியில்லாமல் நீர்நாய்க் குடும்பம் தோணியை இழுத்துக்கொண்டு மலையடிக் குளத்துக்குக் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் மீன்கள் துள்ளின.

"அம்மா, பசிக்கிறது! தோணியை இறக்கு!"

"இருங்கள்" என்றது வீரி. தோணியைக் கவிழ்த்து நீரை வடித்தது. இடுக்கில் இருந்த வேரையெல்லாம் நகத்தால் சுரண்டியது. குட்டிகளின் ரோமத்தில் சிக்கிய இலைத்துணுக்கையும் விடவில்லை. குட்டிகள் அழ அழ, தோணி நன்றாகக் காயும்வரை வெயிலில் காத்திருந்தது.

ஒரு நீர்நிலையில் ஓடிய படகைச் சுத்தம் செய்து, நீரை வடித்து, உலர்த்திய பிறகே அடுத்த நீர்நிலையில் இறக்க வேண்டும்; அந்தச் சிறு பொறுமை இல்லாவிட்டால் ஒரு குளமே அழியும்.