ஆவுடையப்பன் தேய்த்த ரோலர்

அம்பாசமுத்திரத்தில் சண்முகவடிவு என்றொரு குரு இருந்தாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. காவியும் கிடையாது, மடமும் கிடையாது. பழைய டைப்ரைட்டரில் ஊராருக்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தாள். மனசு அடங்க வழி கேட்டு வந்தவர்களை உள் அறையில் சும்மா உட்கார வைத்தாள்.

அப்படி வந்தவர் ஆவுடையப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் சுள்ளென்று விழுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பேத்தி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கோபம் அடங்கட்டும் என்று இரண்டு மடங்களுக்குப் போய், இரண்டிலும் சண்டை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்.

இங்கே கண்ணை மூடினால் அடுத்த அறையில் டக், டக், டக்.

பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் எழுந்து வந்துவிட்டார்.

“தாயி, இந்த வீட்டுல ஒண்ணு அந்த மெஷின் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்.”

“மெஷின்தான் சோறு போடுது அண்ணாச்சி.”

“அப்போ நான் போகட்டுமா?”

“சத்தம் போனாப் போதும்லா? வாங்க, போக்கிருவோம்.”

அவள் டைப்ரைட்டரில் தாள் சுற்றும் ரோலரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“தட்டிப் பாருங்க.”

தட்டினார். கருங்கல் மாதிரி இருந்தது.

“இது ரப்பரா?”

“ஒரு காலத்துல ரப்பர். எழுத்து அடிச்சு அடிச்சு இறுகிப் போச்சு. அதான் இந்தச் சத்தம்.”

“எம் பொஞ்சாதி என்னையும் இப்படித்தான் சொல்லுவா.”

இறுகிய மேல் ரப்பரை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். அதன்மேல் மெத்தென்ற புது ரப்பர்க் குழாயை மாட்டிச் சூடு காட்ட வேண்டும். அது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லி, அவரைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தாள்.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். மாலையில் அவள் ரோலரை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து உருட்டினாள். இடது ஓரத்தில் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

“வண்டி ஒரு பக்கமாச் சாயுதே அண்ணாச்சி.”

“பஸ்ஸுல இடது பக்கம்லா படி? கூட்டம் அங்கதான் தொங்கும்.”

அவள் சிரித்துவிட்டாள். “அழுத்தாதீங்க. உருட்டிக்கிட்டே இருங்க. மிச்சத்தை உப்புத்தாள் பாத்துக்கிடும்.”

மறுநாள் அவர் அழுத்தவில்லை. உருட்டினார், தேய்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், மறுபடி உருட்டினார். முழங்கை வரை கறுப்புத் தூள். பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே போனது.

ரோலர் சீரானதும் குழாயை மாட்டினார்கள். முடி காயவைக்கும் மெஷினை அவள் நீட்டினாள்.

“என் தலைக்கு இதோட வேலையே கிடையாது தாயி” என்று வழுக்கையைத் தடவிக்கொண்டே வாங்கிச் சூடு காட்டினார்.

ரோலர் மெஷினில் ஏறியது. மெஷினுக்கு அடியில் ஒரு கம்பளித் துண்டும் போட்டாள். உட்கார்ந்து அடித்தாள்.

பொத், பொத், பொத்.

“அடடா! பூனை நடக்குத மாதிரில்லா இருக்கு!”

ஆவுடையப்பன் குளித்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி உள் அறைக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் தோளில் பையோடு வெளியே வந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“எதுத்த வீட்டு மாவு மில்லு. மெஷின் சத்தம் போனதும் அது வந்து தலைக்குள்ள உக்காந்துக்கிடுச்சு. நான் ஊருக்குப் போறேன் தாயி. எனக்குக் கொடுத்து வைக்கல. பேத்தி கதவுக்குப் பின்னாலயே இருக்கட்டும்.”

“அந்த மில்லு என்னைக்கும் ஓடுதுதான்.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்!”

“நீங்க ரோலர் தேய்ச்ச அத்தனை நாளும் ஓடுச்சு.”

ஆவுடையப்பன் தெருவைத் தாண்டி மில்லைப் பார்த்தார்.

“இல்லியே தாயி... எனக்கு ஒண்ணும் கேக்கலியே.”

சண்முகவடிவு மெஷினில் புதுத் தாளைச் செருகினாள்.

“அப்போ நீங்க எங்க போயிருந்தீங்க அண்ணாச்சி?”

அவர் தோளில் இருந்த பை மெல்லக் கீழே இறங்கியது.